‘ஃபைட்’ என்று எழுதினால் அடிதடி ஆகிவிடுமா?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாட்டுப்படகுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவராம். இரவில் விரித்திருந்த வலையை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் கரையில் இரண்டு தரப்புக்கும் பேச்சு முற்றியிருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஃபைட்’ என்று போட்டிருக்கிறார். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர், “அடிதடியா? அப்ப போலீசுக்குப் போங்க” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஃபைட், க்வாரல், டிஸ்ப்யூட், கான்ஃப்ளிக்ட், வார், பேட்டில் எல்லாம் சண்டைதானே, எதை எங்கே போடுவது, போட்டி என்பதற்கும் இப்படி நாலைந்து சொல் இருக்கிறதே என்பது கேள்வி. மேலே பார்த்தால் அகராதிக் கேள்வி. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது, நான் போடும் ஒரு சொல்லால் என் ஆட்கள் மாட்டிக்கொள்வார்களா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மாட்டிக்கொள்ளலாம்.

தொண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கடலோரப் பள்ளியில் 26 வருஷம் ஆங்கிலம் எடுத்தேன். பணியில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, மனு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். சொல்லின் பொருளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எந்தச் செயலுக்கு எந்தச் சட்டப் பிரிவு என்பது வக்கீல் பார்க்க வேண்டிய வேலை. அந்தப் பக்கம் ஓரமாகத்தான் போவேன்.

தமிழில் ‘சண்டை’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். புருஷன் பெண்டாட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதும் சண்டை, அரிவாள் எடுப்பதும் சண்டை. வேறுபாடு காட்ட வேண்டுமென்றால் முன்னால் ஒன்றை ஒட்டிக்கொள்வோம்: வாய்ச்சண்டை, குடுமிப்பிடிச் சண்டை, பங்காளிச் சண்டை, குழாயடிச் சண்டை. ஆங்கிலம் அப்படி ஒட்டாமல் தனித்தனிச் சொல்லாகவே வைத்திருக்கிறது. அதனால் என் பிள்ளைகளுக்கு நான் சொன்ன வழி, நேரே ஆங்கிலத்துக்குத் தாவாதே, முதலில் அது என்ன சண்டை என்று தமிழில் முழுசாகச் சொல்லு என்பது. அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. அது எப்படி முடியும் என்று யோசியுங்கள். இரண்டு பேர் கட்டிப் புரண்டால் விலக்கிவிடுவோம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் சமாதானம் செய்துவைப்போம். வரப்புத் தகராறு என்றால் நாலு பேர் உட்கார்ந்து தீர்த்துவைப்போம். ஆங்கிலத்திலும் அப்படியே. ஃபைட்டை ‘பிரேக் அப்’ செய்வார்கள், க்வாரலுக்குப் பிறகு ‘மேக் அப்’ செய்துகொள்வார்கள், டிஸ்ப்யூட்டை ‘செட்டில்’ செய்வார்கள், கான்ஃப்ளிக்டை ‘ரிசால்வ்’ செய்வார்கள். முடிக்கும் வினை தெரிந்துவிட்டால் பெயர்ச்சொல் தானாக வந்து உட்காரும். உங்கள் வலை விவகாரத்தை யாராவது விலக்கிவிட வேண்டியிருந்ததா? இல்லையென்றால் அது ஃபைட் இல்லை.

ஃபைட் என்ற சொல்லை இங்கிலாந்தில் வீட்டுச் சண்டைக்கும் சொல்வார்கள் என்பது உண்மை. ‘வீ ஹேட் எ ஃபைட்’ என்று ஒரு மனைவி சொன்னால் கணவன் அடித்தான் என்று அர்த்தமில்லை, காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அது பேச்சு வழக்கு. மனுத்தாளில் ஏறியதும் அந்தச் சொல் கையை ஓங்கிவிடுகிறது. நம் நாட்டுக் குற்றச் சட்டத்தில் ‘அஃப்ரே’ என்று ஒரு குற்றம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 159ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 194. இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் ‘ஃபைட்டிங்’ செய்து பொது அமைதியைக் கெடுப்பதுதான் அதன் விளக்கம். சட்டத்தின் வாசகத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. கரை பொது இடம். ‘நாங்களும் அவர்களும் ஃபைட் செய்தோம்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், வலை இழந்தவனும் சேர்ந்து அடித்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தது போல ஆகும். ஃபைட்டுக்கு இரண்டு கை வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு தரப்பு மட்டும் அடித்திருந்தால் அது ‘அட்டாக்’. ‘அசால்ட்’ என்றும் எழுதுவார்கள். பொது வழக்கில் அதற்கு அடித்தது என்றே பொருள். நம் சட்டத்திலோ அடிக்கப் போவதாக எதிராளி அஞ்சும்படி கையை ஓங்கினாலே அது அசால்ட். வெறும் வார்த்தை மட்டும் போதாது. ஆகவே மனுவில் அசால்ட் என்ற சொல்லைத் தெரியாமல் தூவாதீர்கள்.

அடி இல்லாமல் வாய் மட்டும் என்றால் க்வாரல் அல்லது ஆர்க்யுமென்ட். க்வாரல் லத்தீனில் ‘குறைசொல்லுதல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இன்றும் அதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார் இடையே சரியாகப் பொருந்தும். ஆர்க்யுமென்ட் இரட்டை முகம் கொண்டது. சூடான வாக்குவாதமும் அதுதான், வக்கீல் கோர்ட்டில் நிதானமாக எடுத்து வைக்கும் வாதமும் அதுதான். ‘ஆர்க்யு வித்’ என்றால் ஒருவரோடு வாய்ச்சண்டை, ‘ஆர்க்யு தட்’ என்றால் ஒரு கருத்தை நிறுவப் பார்ப்பது. இங்கே நம் ஊர் போலீஸ் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்த்தகராறு என்பதை ‘வேர்டி க்வாரல்’ என்று எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. முதல் முறை ஒரு நகலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். வேர்டி என்றால் வளவள என்று தேவைக்கு மேல் சொற்களைக் கொட்டியது என்று பொருள். ‘வெர்பல்’ என்றிருக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் எல்லாருக்கும் வேர்டி க்வாரல் புரியும். புரிகிற இடத்தில் அதைத் திருத்திக்கொண்டு நிற்பது வேலையற்ற வேலை. வெளிநாட்டுக்குப் போகும் காகிதத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டிஸ்ப்யூட்தான் உங்கள் மனுவுக்கு வேண்டிய சொல். அதற்கு இரண்டு விஷயம் தேவை: ஒருவர் எனக்குரியது என்றோ இன்னது நடந்தது என்றோ சொல்ல வேண்டும், இன்னொருவர் அதை மறுக்க வேண்டும். கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. எதைப் பற்றி என்பதை ‘ஓவர்’ போட்டுச் சொல்வார்கள்: டிஸ்ப்யூட் ஓவர் வேஜஸ், டிஸ்ப்யூட் ஓவர் லேண்ட். கரைவலை இழுக்கிற ஊரில் இன்னார் வலை இழுக்கும் இடமான பாடு எதுவரை, யார் முறை இன்று என்று கிளம்புவது டிஸ்ப்யூட். கச்சத்தீவைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போடுவதா வேண்டாமா என்பதே ஒரு தரப்பைக் காட்டிவிடும். 1974 ஒப்பந்தத்தோடு முடிந்த விஷயம் என்பவர்கள் அதை டிஸ்ப்யூட் என்று சொல்ல மாட்டார்கள். முடியவில்லை என்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அகராதியில் இது கிடைக்காது.

கான்ஃப்ளிக்ட் கொஞ்சம் பெரிய சொல். ஒன்றோடொன்று மோதுதல் என்பது லத்தீன் மூலம். ஆனால் மோதுகிறவர்களுக்குக் கோபமோ கையோ இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டு சாட்சிகள் வேறு வேறு நேரம் சொன்னால் அவர்கள் வாக்குமூலம் கான்ஃப்ளிக்ட் ஆகிறது. சங்கத் தலைவரே ஏல வியாபாரியாகவும் இருந்தால் ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்டரெஸ்ட்’. நம் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறையும் வைத்தார்கள். ஏன்? விசைப்படகின் இழுவைமடி வலை கடலடியை வழித்துக்கொண்டு போகும், நாட்டுப்படகின் வலை ஓரிடத்தில் விரிந்து கிடக்கும். இரண்டும் ஒரே இரவில் ஒரே தண்ணீரில் இருக்க முடியாது. இரண்டு படகுக்காரர்களும் மச்சான் மாப்பிள்ளையாகவே இருந்தாலும் அங்கே கான்ஃப்ளிக்ட் இருக்கிறது. அதில் ஒரு இரவு நடந்தது, இன்ன படகு இன்ன வலையை அறுத்தது என்பது டிஸ்ப்யூட். கரையில் கத்திக்கொண்டது க்வாரல். யாராவது துடுப்பைத் தூக்கி வீசி, எதிராளியும் திருப்பி வீசியிருந்தால் ஃபைட். ஒரே விவகாரத்துக்குள் நாலும் அடுக்காக இருக்கலாம். மனு எந்த அடுக்கைப் பற்றியது என்பதுதான் தம்பி தீர்மானிக்க வேண்டியது.

உச்சரிப்பில் ஒன்று உறுதியாகச் சொல்லலாம். கான்ஃப்ளிக்ட், காண்டெஸ்ட் இரண்டும் பெயராக வரும்போது முதல் அசையில் அழுத்தம், வினையாக வரும்போது இரண்டாம் அசையில். டிஸ்ப்யூட் வினையாக வந்தால் எப்போதும் இரண்டாம் அசையில்தான். பெயராக வரும்போது இரண்டு விதமாகவும் படித்தவர்களே சொல்கிறார்கள். யாராவது திருத்தினால் புன்னகையோடு விட்டுவிடுங்கள்.

வார், பேட்டில் பற்றி மனுவுக்குத் தேவையில்லை என்றாலும் கேள்வியில் இருந்ததால் சொல்கிறேன். வார் நீண்டது, பேட்டில் அதற்குள் ஓரிடத்தில் நடக்கும் ஒரு மோதல். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் விழுந்தது பேட்டில். அப்புறம், ‘ஃபைட் வித்’ என்பதில் ஒரு குழி இருக்கிறது. மருது சகோதரர்கள் ‘ஃபாட் வித் தி பிரிட்டிஷ்’ என்று எழுதினால் வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள் என்று பொருள் வரும். புதுக்கோட்டைத் தொண்டைமான் ‘ஃபாட் வித் தி பிரிட்டிஷ்’ என்றால் வெள்ளைக்காரனோடு சேர்ந்து நின்றார் என்று பொருள் வரும். வாக்கியம் ஒன்று, நின்ற பக்கம் வேறு. வகுப்பில் இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பின்வரிசைகூட நிமிரும். சந்தேகம் வரும் இடத்தில் எதிர்த்து என்பதற்கு ‘அகென்ஸ்ட்’, சேர்ந்து என்பதற்கு ‘அலாங்சைட்’ போட்டுவிடுவது நல்லது. தமிழில் இந்தச் சிக்கல் நமக்கும் உண்டு: ‘அவனோடு சண்டை போட்டேன்’ என்றால் எதிர்த்துத்தான், ஆனால் ‘அவனோடு போருக்குப் போனேன்’ என்றால் கூட நின்றுதான்.

போராட்டம் என்ற சொல் நம் கடலோரத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது செய்தித்தாளில் வரும். அதை நேரே ‘ஸ்ட்ரகிள்’ என்று மாற்றினால் படிக்கிறவர் குழம்புவார். ஸ்ட்ரகிள் என்பது திணறிப் போராடுவது. எதிரி இருக்க வேண்டியதில்லை. கடனோடு, நோயோடு, கணக்குப் பாடத்தோடு ஸ்ட்ரகிள் செய்யலாம். மீனவர்கள் கடலுக்குப் போகாமல் இருந்தால் ‘ஸ்ட்ரைக்’, தாலுகா ஆபீஸ் முன்னால் கோஷம் போட்டால் ‘புரொட்டஸ்ட்’, பந்தலில் பட்டினி கிடந்தால் ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’. ‘அஜிடேஷன்’ இந்தியாவில் செல்லுபடியாகும் சொல். வெளியே பல இடங்களில் அதற்கு மனக் கலக்கம் என்றுதான் முதலில் தோன்றும்.

சரி, போட்டிக்கு வருவோம். இதில் நம் சொல் இன்னும் அகலமானது. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகு விடுவதும் போட்டி, கோலம் போடுவதும் போட்டி, கபடியும் போட்டி, ஏலக்கூடத்தில் நண்டுக்கு விலை ஏற்றுவதும் போட்டி. யார் முந்துகிறார் என்று பார்ப்பது ‘ரேஸ்’. பாய்மரப் படகும் மாட்டு வண்டியும் இதில் வரும். இரண்டு தரப்பு நேருக்கு நேர் நின்றால் ‘மேட்ச்’. பல மேட்சுகள் சேர்ந்து கடைசியில் ஒருவர் கோப்பை வாங்குவது ‘டோர்னமென்ட்’. நடுவர் பார்த்து இதுதான் நல்லது என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ‘காண்டெஸ்ட்’. ‘காம்படிஷன்’ இவை எல்லாவற்றுக்கும் மேல் விரித்த பாய். சந்தேகம் வந்தால் அதன் மேல் உட்காரலாம். ஏலத்துக்குக் காம்படிஷன் மட்டுமே சரி. அங்கே விதியும் கோப்பையும் இல்லை, ஒரே கூடை நண்டை இரண்டு பேர் தேடுகிறார்கள். அந்தச் சொல்லின் மூலமும் ஒன்றையே சேர்ந்து தேடுதல்தான். மரங்கள் வெயிலுக்காகப் போட்டி போடுவதையும் ஆங்கிலம் இதே சொல்லால்தான் சொல்கிறது. யாரோடு என்பதற்கு ‘வித்’ போடலாம், ‘அகென்ஸ்ட்’ போடலாம், இரண்டும் நல்ல ஆங்கிலம். ஒன்றுதான் சரி என்று அடித்துச் சொல்லும் கைடுகளை நம்பாதீர்கள். எதற்காக என்பதற்கு ‘ஃபார்’ கட்டாயம். ஆளை நேராகச் செயப்படுபொருளாக்கி ‘ஐ கம்பீட்டட் ஹிம்’ என்று எழுதுவது தவறு, இதில் இரண்டு கருத்து இல்லை.

காண்டெஸ்டுக்கு இன்னொரு முகம் உண்டு. சாட்சி கூப்பிடுதல் என்பது அதன் லத்தீன் வேர், கோர்ட்டில் பிறந்த சொல். அதனால்தான் உயிலை காண்டெஸ்ட் செய்வது என்றால் அது செல்லாது என்று வழக்காடுவது. எலெக்‌ஷனை காண்டெஸ்ட் செய்வது என்றால் நம் நாட்டில் தேர்தலில் நிற்பது. பிரிட்டனில் சாதாரணமாக ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரன்’ என்பார்கள். பிரிட்டனில் நிற்கிறார்கள், அமெரிக்காவில் ஓடுகிறார்கள், நம்மவர்கள் வழக்காடுகிறார்கள் என்று வகுப்பில் சொல்வது வழக்கம்.

எங்கள் பள்ளியில் அதிகம் திருத்திய தவறு ‘வின்’ பற்றியது. ‘தொண்டி டீமை ஜெயித்தோம்’ என்றும் சொல்கிறோம், ‘மேட்சில் ஜெயித்தோம்’ என்றும் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘வீ வன் தொண்டி’ என்று எழுதிவிடுவார்கள், ஊரையே பரிசாக வாங்கிய மாதிரி. ஆளையும் அணியையும் ‘பீட்’ செய்வது, மேட்சையும் கோப்பையையும் ‘வின்’ செய்வது. பீட்டுக்கு இறந்தகாலமும் பீட்தான். ஒரு பையன் விடுதியிலிருந்து வீட்டுக்கு ‘தே பீட் அஸ் இன் கபடி’ என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, என் பிள்ளையை எவன் அடித்தான் என்று அவன் அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார்.

கடைசியாக ரைவல், எனக்கு மிகவும் பிடித்த சொல். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன் ‘ரிவாலிஸ்’. அதிலிருந்துதான் ரைவல். கண்மாய்ப் பாசனத்து மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்கவா வேண்டும்? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்குக் கீழே ஒரு கோடை இருந்து பார்த்தால் போதும். தமிழில் இதற்கு நேர் சொல் எதிரி இல்லை. எதிரி என்றால் ‘எனிமி’, அவனுக்கு உங்கள் அழிவு வேண்டும். விளையாட்டிலோ விவாதத்திலோ எதிரே நிற்பவன் ‘அப்போனன்ட்’, ஆட்டம் முடிந்ததும் அந்த உறவும் முடிந்தது. ரைவலுக்கு வேண்டியது உங்களுக்கு வேண்டிய அதே பொருள்; அது இருக்கும்வரை அவனும் இருப்பான். பங்கு உள்ளவன் என்று பொருள்படும் ‘பங்காளி’ சண்டைக்காரனையும் நினைவூட்டுகிறதே, அந்த மனநிலைதான் ரைவலில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு அதை எல்லா இடத்திலும் போட முடியாது, போட்டியாளர் என்றே போட வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொல்லின் பிறப்பு நினைவில் வைக்க உதவும், இன்றைய பொருளைத் தீர்மானிக்காது. ‘டிபேட்’ என்ற சொல்லுக்குள்ளும் அடித்தல் இருக்கிறது, அதற்காகப் பட்டிமன்றத்தில் கம்பு எடுக்க முடியாது.

இனி மனு. ஃபைட் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தலைப்பில் ‘டிஸ்ப்யூட் ஓவர் டேமேஜ் டு ஃபிஷிங் நெட்ஸ்’ என்று போடுங்கள். உள்ளே கரையில் நடந்ததற்கு ‘ஆன் ஆர்க்யுமென்ட் ஃபாலோட்’ என்று ஒரே வரி போதும். மீதி இடத்தைத் தேதி, நேரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், வலை என்ன வகை, எத்தனை பாகம் போனது, விலை எவ்வளவு, படகின் பதிவு எண் தெரிந்தால் அது, இவற்றுக்குக் கொடுங்கள். யாராவது உண்மையாகவே அடி வாங்கியிருந்தால் அதை மென்மையான சொல்லால் மூடி மறைக்காமல் தனிப் புகாராக எழுதி, வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. மனு மீன்வளத் துறை உதவி இயக்குநருக்குத்தானே போகிறது? தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்தான் ஆட்சிமொழி. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், வாங்கித்தான் ஆக வேண்டும். ‘வலை அறுந்தது தொடர்பான தகராறு’ என்று எழுதினால் அந்த அலுவலகத்தில் எவரும் அடிதடியா என்று கேட்கமாட்டார்கள்.